காற்றாலை மின் உற்பத்தியை மெஷின் லேர்னிங் மூலம் முன்கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலைப் பண்ணையின் உற்பத்தியை முன்கூட்டிக் கணிக்கும் வேலையில் புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தந்திருக்கிறோம். அடிப்படைப் புள்ளியியலும் கொஞ்சம் பைத்தானும் தெரியும் என்ற கணக்கில் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

1. காற்று வேகம் தெரிந்தால் பவர் கர்வைப் பார்த்தே மெகாவாட்டைச் சொல்லிவிடலாமே, எதற்கு மெஷின் லேர்னிங்?

சொல்லலாம். ஆனால் அந்தக் காற்று வேகம்தான் யாருக்கும் சரியாகத் தெரியாது. தயாரிப்பாளர் தரும் பவர் கர்வ் (எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் வளைவு), டர்பைனின் ஹப் உயரத்தில், அதாவது பிளேடுகள் சேரும் நடுமையத்தின் உயரத்தில், தடையில்லாமல் வீசும் காற்றுக்கானது. காற்றடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று வைத்து வரைந்தது. உங்கள் கையில் இருப்பதோ, பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு வானிலை மாதிரி (வானிலையைக் கணக்கிட்டு முன்கணிக்கும் கணினி நிரல்) சொல்லும் நாளைய சராசரி.

காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறும். விநாடிக்கு 8 மீட்டர் என்று கணித்த நேரத்தில் 9 மீட்டர் வீசினால் வேகத்தில் 12.5 சதவீதம்தான் பிழை. ஆற்றலில் அது 42 சதவீதம். பெரும்பாலான டர்பைன்கள் 3-4 மீட்டரில் உற்பத்தியைத் தொடங்கி, 12-13 மீட்டர் வாக்கில் முழுத் திறனை எட்டும். நடுவிலுள்ள செங்குத்தான பகுதியில்தான் காற்று பெரும்பாலான நேரம் வீசுகிறது, பிழையும் அங்கேதான் பெருகுகிறது. மேற்குக் காற்றைக் கூட்டிச் சொல்வது, இரவுக் காற்றைக் குறைத்துச் சொல்வது என்று ஒவ்வொரு வானிலை மாதிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிலையான கோணல்கள் உண்டு. பழைய பதிவுகளிலிருந்து அவற்றைக் கற்றுத் திருத்துவதுதான் மெஷின் லேர்னிங்கின் முதல் வேலை.

2. எவ்வளவு நேரத்துக்கு முன்னால் கணிக்க முடியும்?

அடுத்த சில நிமிடங்களிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை கணிக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே முறை செல்லாது. முதல் 2-3 மணி நேரத்துக்கு, 'இப்போது வருவதே அப்போதும் வரும்' என்று சொல்லும் பெர்சிஸ்டன்ஸ் முறையைத் தோற்கடிப்பதே கடினம். அங்கே அண்மைய உற்பத்திப் பதிவுதான் ராஜா. சுமார் 6 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் வானிலை மாதிரி இல்லாமல் எதுவும் நடக்காது. இடைப்பட்ட நேரத்துக்கு இரண்டையும் கலக்க வேண்டும்.

எளிய வழி, 'எத்தனை மணி நேரம் முன்னால்' என்பதையே ஒரு உள்ளீடாகக் கொடுத்துவிடுவது. எந்த நேரத்தில் எதை நம்புவது என்று மாடல் தானே கற்றுக்கொள்ளும்.

3. என்னென்ன டேட்டா வேண்டும், எத்தனை வருஷத்துக்கு?

மூன்று வகை வேண்டும். ஒன்று, பண்ணையின் ஸ்காடா (டர்பைன்களைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) பதிவு: 10 நிமிட சராசரி மின் உற்பத்தி, நாசெல் (கோபுர உச்சியிலுள்ள இயந்திரப் பெட்டி) காற்று வேகம், பிளேடு தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற பிட்ச் கோணம், டர்பைனின் நிலைக் குறியீடு. இரண்டு, அந்தந்த நாளில் உண்மையாகவே வெளியான வானிலை முன்கணிப்புகளின் காப்பகம். மூன்று, எந்த டர்பைன் எப்போது பழுதில் நின்றது, எப்போது உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள் என்ற குறிப்பு. மூன்றாவதைத்தான் யாரும் ஒழுங்காக வைத்திருப்பதில்லை. அது இல்லாமல் ஆரம்பித்தால் பாதி உழைப்பு ஊகத்திலேயே போய்விடும்.

குறைந்தது ஒரு முழு ஆண்டு வேண்டும். எல்லாப் பருவமும் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும் அல்லவா. இரண்டு ஆண்டுகள் இருந்தால் ஒன்றில் பயிற்சி, மற்றதில் சோதனை என்று நிம்மதியாக வேலை செய்யலாம். ஐந்து, ஆறு ஆண்டு பழைய பதிவு இருந்தாலும் அதற்குள் வானிலை மாதிரி மாறியிருக்கும், பக்கத்தில் புது டர்பைன்கள் எழும்பியிருக்கும். அதனால் பழையது எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது.

4. வானிலை டேட்டா எங்கே கிடைக்கும்? காசு கொடுக்கணுமா?

அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் மாதிரி இலவசம். 0.25 பாகை கட்டம். நாளுக்கு நான்கு முறை, யுடிசி (உலகப் பொது நேரம்) 00, 06, 12, 18 மணிக்கு ஓடும். முதல் 120 மணி நேரத்துக்கு மணிவாரியாகவும், பிறகு 384 மணி வரை 3 மணிக்கு ஒன்றாகவும் மதிப்புகள் தரும். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையத்தின் மாதிரி சுமார் 9 கி.மீ. கட்டத்தில் ஓடுகிறது, பொதுவாக ஜிஎஃப்எஸ்ஸைவிடத் துல்லியமானது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக வரும். ஒரு மாடலை நாள் கணக்கில் டியூன் செய்து கிடைக்கும் முன்னேற்றத்தைவிட, இரண்டாவது வானிலை மூலத்தைச் சேர்த்துக் கிடைப்பது பெரும்பாலும் அதிகம்.

00 மணி ஓட்டம் என்றால் 00 மணிக்கே கையில் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முழுதும் இறங்க 4-5 மணி நேரம் ஆகும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பது 9-ஆம் கேள்வியில் வருகிறது.

5. ஸ்காடா டேட்டாவை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் என்ன?

கொடுக்கும் முன் ஒரே ஒரு படம் வரைந்து பாருங்கள்: கிடை அச்சில் நாசெல் காற்று வேகம், செங்குத்து அச்சில் மின் உற்பத்தி, டர்பைனுக்கு ஒரு படம். சாய்ந்த எஸ் வடிவில் அடர்த்தியாக ஒரு பட்டை தெரியும். அதற்கு வெளியே கிடப்பவைதான் தொல்லைகள். 10 மீட்டர் காற்றிலும் பூஜ்யத்தில் ஒட்டிக் கிடக்கும் புள்ளிகள், டர்பைன் நின்ற நேரம். 2 மெகாவாட் டர்பைனில் சரியாக 1.2 மெகாவாட்டில் கிடைக்கோடாக நீளும் புள்ளிகள், மின்தொகுப்பிலிருந்து பேக்டவுன் (உற்பத்தியைக் குறை என்ற) உத்தரவு வந்த நேரம். வேகம் மாறாமல் உற்பத்தி மட்டும் மேலும் கீழும் ஓடும் செங்குத்துக் கோடு, அனிமோமீட்டர் (காற்று வேகமானி) சிக்கிக்கொண்டது.

கிடைக்கோடு தெளிவாகத் தெரியாத இடத்தில் பிட்ச் கோணம் காட்டிக்கொடுக்கும். முழுத்திறன் வேகத்துக்குக் கீழே, உதாரணத்துக்கு 8 மீட்டரில், பிளேடு கிட்டத்தட்ட 0 பாகையில் இருக்க வேண்டும். 10 பாகைக்கு மேல் திரும்பியிருந்து உற்பத்தியும் குறைவாக இருந்தால், காற்று குறையவில்லை, யாரோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கிய சென்சாரைப் பிடிக்க, தொடர்ந்து 6 பதிவுகளில் (ஒரு மணி நேரம்) தசமப் புள்ளி வரை அதே எண் வருகிறதா என்று பார்த்தால் போதும். பூஜ்யத்துக்கும் முழுத்திறனுக்கும் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே எண் மாறாமல் நிற்பது இயல்பு.

நீக்கிய பிறகு இலக்கை இப்படி அமையுங்கள்: உற்பத்தியை, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டர்பைன்களின் மொத்தத் திறனால் வகுங்கள். 25 டர்பைனில் 3 பழுதில் நின்றால் மீதி 22-இன் திறனால். மாடல் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அந்த விகிதத்தைக் கணிக்கட்டும். நாளைக்கு எத்தனை டர்பைன் ஓடும் என்பதைப் பராமரிப்புத் திட்டத்திலிருந்து எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம். இதைப் பிரிக்காவிட்டால், காற்று நன்றாக வீசினாலும் உற்பத்தி வராது என்று மாடல் கற்றுக்கொண்டு எல்லா நாளும் குறைத்தே சொல்லும்.

ஒரு எச்சரிக்கை: பட்டைக்கு வெளியே தெரிகிற எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாதீர்கள். பிளேடில் பனி உறைவதால் வரும் இழப்பு நாளைக்கும் வரும். அது மாடல் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

6. என் மாடல் எப்போதும் ஒரு மணி நேரம் தள்ளியே கணிக்கிறது. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது நேரக் குழப்பம். வானிலைக் கோப்பு யுடிசியில் இருக்கும், ஸ்காடா உள்ளூர் நேரத்தில் இருக்கும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை இது தடுமாறும். யுடிசியுடன் அரை மணி வித்தியாசமுள்ள இடங்களில் மணிவாரி மதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. இன்னொன்று, 10:00 என்ற முத்திரை 10:00 முதல் 10:10 வரையிலான சராசரியா, 9:50 முதல் 10:00 வரையா என்பது ஸ்காடாவுக்கு ஸ்காடா மாறும். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: வானிலைக் காற்று வேகத்தை உற்பத்தியோடு ஒவ்வொரு 10 நிமிடமாக நகர்த்திப் பார்த்துத் தொடர்புக் கெழு எங்கே உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். உச்சம் பூஜ்யத்தில் இல்லாமல் சரியாக ஒரு மணி தள்ளி நின்றால் நேரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், மாடல் பெர்சிஸ்டன்ஸைக் காப்பியடிப்பது. ஒரு மணி நேரம் முந்தைய உற்பத்தியை உள்ளீடாகக் கொடுத்து, வானிலையைக் கொடுக்காமல் விட்டால் இது நடந்தே தீரும். வரைபடத்தில் இரண்டு கோடும் அழகாக ஒட்டிப் போவது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால், கணிப்பு என்பது அசல் கோடே ஒரு படி வலப்புறம் நகர்ந்தது. இணையத்தில் 'அசத்தல் முடிவு' என்று சுற்றும் படங்களில் கணிசமானவை இந்த ரகம்தான்.

7. காற்றின் திசையை 0 முதல் 360 வரை அப்படியே கொடுக்கலாமா? வேறென்ன உள்ளீடு சேர்க்கலாம்?

திசையை அப்படியே கொடுத்தால் 359 பாகையும் 1 பாகையும் மாடலுக்கு இரு துருவங்களாகத் தெரியும். சைன், கோசைன் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். அல்லது காற்றின் கிழக்கு-மேற்குக் கூறு, வடக்கு-தெற்குக் கூறு இரண்டையும் வேகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். திசை முக்கியம், ஏனென்றால் முன்வரிசை டர்பைன் காற்றைக் குறைத்துவிடும் 'நிழலில்' பின்வரிசை நிற்கிறதா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது.

10 மீட்டர் உயரக் காற்று மட்டும் போதாது. அங்கே 6 மீட்டர் வேகம் இருக்கும்போது, பகலில், உயர விகிதத்துக்கு வழக்கமான 0.143 அடுக்கெண்ணைப் போட்டால் 100 மீட்டர் உயரத்தில் 8.3 வரும். இரவில் தரை குளிர்ந்து காற்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும்போது அந்த அடுக்கெண் 0.3 ஆகலாம், அப்போது அதே 6-க்கு மேலே 12. ஆற்றலில் இது மூன்று மடங்கு வித்தியாசம். ஆகவே 10 மீட்டர், 100 மீட்டர் இரண்டையும், இரண்டின் விகிதத்தையும், நாளின் எந்த நேரம் என்பதையும் கொடுங்கள். வெப்பநிலையும் அழுத்தமும் காற்றடர்த்திக்காக: கடல்மட்டத்தில் 35 பாகை செல்சியஸில் அடர்த்தி 1.146-க்கு இறங்கிவிடும், 1.225-ஐவிட 6 சதவீதத்துக்கு மேல் குறைவு.

நல்ல பலன் தரும் இன்னும் இரண்டு: பண்ணைக்கு மிக அருகிலுள்ள ஒரு கட்டப்புள்ளிக்குப் பதிலாகச் சுற்றியுள்ள 9 அல்லது 16 புள்ளிகள், கணிக்கும் மணிக்கு முந்தைய, பிந்தைய மணிகளின் காற்று வேகம். வானிலை மாதிரி காற்றெழுச்சியைச் சற்று முன்பின்னாகச் சொல்வது வழக்கம் என்பதால் இரண்டாவது அதிகம் உதவும்.

8. எல்எஸ்டிஎம்தானே பெஸ்ட்? இல்லை டிரான்ஸ்ஃபார்மரா?

எல்எஸ்டிஎம், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் நரம்பு வலைப்பின்னல் வகைகள். ஒரு பண்ணை, ஓரிரு ஆண்டு டேட்டா, நாளைய கணிப்பு என்றால் அவற்றுக்கு முன் லைட்ஜிபிஎம் அல்லது எக்ஸ்ஜிபூஸ்ட்டில் தொடங்குங்கள். இவை முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பிழையைத் திருத்தும் கிரேடியன்ட் பூஸ்டிங் நிரல்கள். 2014-இல் நடந்த உலகளாவிய எரிசக்தி முன்கணிப்புப் போட்டியின் காற்றுப் பிரிவில், 10 பண்ணைகளுக்கு 10 மீட்டர், 100 மீட்டர் காற்று முன்கணிப்புகள் மட்டுமே உள்ளீடாகத் தரப்பட்டன. அதில் முன்வரிசையில் வந்தவற்றுள் கிரேடியன்ட் பூஸ்டிங்கும் ஒன்று. இந்த அளவு டேட்டாவில் அது இன்றைக்கும் சளைத்ததல்ல.

கற்றல் வேகம் 0.03 முதல் 0.05, மரத்துக்கு இலைகள் 31 முதல் 63, ஒரு இலையில் குறைந்தது 200 பதிவுகள், சோதனைப் பகுதியில் பிழை குறைவது நின்றதும் பயிற்சியை நிறுத்துவது என்று ஆரம்பித்தால் பெரிதாகத் தவறாது. இலைக்கான குறைந்தபட்சப் பதிவை 20 என்று இயல்பு நிலையிலேயே விட்டால் அடுத்தடுத்த 10 நிமிடப் பதிவுகளை மாடல் மனப்பாடம் செய்துவிடும். அவை ஒன்றையொன்று ஒத்தவை. நரம்பு வலைப்பின்னல்களுக்கு இடம் உண்டு: நூற்றுக்கணக்கான பண்ணைகளை ஒரே மாடலில் பயிற்றும்போதும், காற்றுப் புலத்தை முழு வரைபடமாகவே உள்ளீடு செய்யும்போதும்.

9. சோதனையில் பிழை 5 சதவீதம், நேரடி ஓட்டத்தில் 15. எங்கே போச்சு?

அந்த 5 முதலிலிருந்தே இல்லாதது. எதிர்காலம் ஏதோ ஒரு வழியில் பயிற்சிக்குள் கசிந்திருக்கிறது. முதல் சந்தேகம், பதிவுகளைக் குலுக்கிப் பிரித்தது. 10:00 மணிப் பதிவு பயிற்சியிலும் 10:10 சோதனையிலும் இருந்தால் மாடல் விடையைப் பார்த்தே எழுதுகிறது. காலவரிசையில் வெட்டுங்கள், இடையில் சில நாட்கள் இடைவெளியும் விடுங்கள்.

இரண்டாவது, ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வு டேட்டாவில் பயிற்றுவிட்டு நேரடியில் முன்கணிப்பைக் கொடுப்பது. ஈஆர்ஏ5 இலவசம், 1940-இலிருந்து மணிவாரியாகக் கிடைக்கிறது, 100 மீட்டர் காற்றும் உண்டு. ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது நடந்து முடிந்த வானிலையின் சித்திரம், அளவீடுகளைப் பார்த்துத் திருத்தியது. அதில் பழகிய மாடல் காற்று வேகத்தை முழுதாக நம்பப் பழகிவிடும். நாளைய முன்கணிப்பிலோ பிழை உண்டு. பிழையுள்ள உள்ளீட்டில் பழகிய மாடல்தான் எச்சரிக்கையாக நடுமதிப்பை நோக்கி இறங்கிக் கணிக்கக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் 3-ஆம் கேள்வியில் முன்கணிப்புக் காப்பகம் வேண்டும் என்றோம்.

மூன்றாவது, கணிப்பை ஒப்படைக்கும் நேரத்தில் கையில் இல்லாத ஓட்டத்தைப் பயன்படுத்துவது. காலை 9 மணிக்கு நாளைய அட்டவணையைத் தர வேண்டுமென்றால், அந்த 9 மணிக்குள் கோப்பு இறங்கி முடிந்த ஓட்டம் எது என்று கணக்கிட்டு, பயிற்சியிலும் அதே ஓட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும். கோப்பு உருவான நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் தனித்தனி நெடுவரிசையில் பதிவதுதான் இதற்கு மருந்து. ஸ்காடாவும் 15-20 நிமிடம் தாமதித்தே வருகிறதென்றால் முந்தைய உற்பத்தி உள்ளீட்டையும் அவ்வளவு பின்னுக்குத் தள்ளுங்கள்.

10. மேப் பார்த்தால் ஆயிரம் சதவீதம் வருது. மாடல் அவ்வளவு மோசமா?

மேப் (MAPE, சராசரி சதவீதப் பிழை), ஒவ்வொரு பிழையையும் அசல் மதிப்பால் வகுக்கிறது. காற்றில்லாத நேரம் அசல் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், விகிதம் வெடித்துவிடும். இந்தத் துறையில் பிழையை நிறுவப்பட்ட திறனால் வகுப்பதே வழக்கம். 50 மெகாவாட் பண்ணையில் சராசரி 5 மெகாவாட் தவறினால் 10 சதவீதம். ஒற்றைப் பண்ணைக்கு நாளைய கணிப்பில் ஆர்எம்எஸ்ஈ (வர்க்கப் பிழைகளின் சராசரிக்கு வர்க்கமூலம்) 10 முதல் 20 சதவீதம் வருவது சகஜம். யாராவது 2 சதவீதம் என்று சொன்னால் முந்தைய கேள்வியின் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

எம்ஏஈயைக் (பிழைகளின் தனிமதிப்புச் சராசரி) குறைக்கப் பயிற்றினால் மாடல் நடுமதிப்பையும் (மீடியன்), வர்க்கப் பிழையைக் குறைக்கப் பயிற்றினால் சராசரியையும் சொல்லும். காற்றாலையில் இரண்டும் வெகுவாக விலகும். எதில் மதிப்பிடப் போகிறீர்களோ அதிலேயே பயிற்றுங்கள். எந்த எண்ணையும் பெர்சிஸ்டன்ஸின் எண்ணோடு பக்கத்தில் வைத்தே காட்டுங்கள்.

11. ஒரே ஒரு எண் சொன்னால் போதாதா? குவான்டைல் எல்லாம் எதற்கு?

ஒப்படைத்த கணிப்பைவிட உற்பத்தி குறைந்தாலும் கூடினாலும் அபராதம் ஒரே அளவு என்றால் ஓர் எண் போதும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. சொன்னதைவிடக் குறைவாக உற்பத்தி வந்தால் யூனிட்டுக்கு 3 பங்கு இழப்பு, அதிகமாக வந்தால் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒப்படைக்க வேண்டியது 1-ஐ 1+3-ஆல் வகுத்த 0.25 குவான்டைல், அதாவது நான்கில் ஒரு முறைதான் அசல் அதற்குக் கீழே போகும். நடுமதிப்பைக் கொடுப்பது தெரிந்தே நட்டப்படுவது.

லைட்ஜிபிஎம்மில் குவான்டைல் இழப்பைத் (பயிற்சியில் குறைக்க வேண்டிய பிழை அளவு) தேர்ந்து, 0.05 முதல் 0.95 வரை தனித்தனி மாடல்களாகப் பயிற்றலாம். சில நேரம் 0.4 குவான்டைல் 0.5-ஐத் தாண்டி நிற்கும். ஒவ்வொரு நேரத்துக்கும் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் சரியாகிவிடும். பிறகு, 0.9 என்று சொன்ன கோட்டுக்குக் கீழே உண்மையில் 90 சதவீதப் பதிவுகள் விழுந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க மறக்காதீர்கள்.

12. திடீர் ஏற்ற இறக்கத்தை மாடல் எப்போதும் மழுக்கிவிடுகிறது. சரிசெய்ய முடியுமா?

முழுதாக முடியாது. காற்றெழுச்சி வருவது நிச்சயம், ஆனால் 2 மணிக்கா 4 மணிக்கா தெரியவில்லை என்றால், பிழையைக் குறைக்க நினைக்கும் மாடல் இடையில் மெதுவாக ஏறும் சாய்வைத்தான் வரையும். செங்குத்தாக வரைந்து நேரம் தவறினால் இரண்டு அடி விழும்: வராத நேரத்தில் வந்ததாகச் சொன்னதற்கு ஒன்று, வந்த நேரத்தில் சொல்லாததற்கு ஒன்று.

இதற்கென்று தனியாக ஒரு வகைப்படுத்தும் மாடல் வையுங்கள். 'அடுத்த 6 மணிக்குள், ஏதாவது ஒரு மணி நேரத்தில் திறனில் 30 சதவீதத்துக்கு மேல் மாறுமா?' என்பதற்கு நிகழ்தகவு சொன்னால் போதும். பணியிலிருப்பவருக்கு மழுங்கிய வளைகோட்டைவிட அது பயன்படும்.

13. புயல் காற்றில் மாடல் முழு உற்பத்தி சொல்லுது, பண்ணை பூஜ்யத்தில் நிற்குது. என்ன செய்ய?

விநாடிக்கு 25 மீட்டர் வாக்கில் டர்பைன்கள் பாதுகாப்புக்காக நின்றுவிடும். திரும்பக் கிளம்ப வேகம் அதைவிடச் சில மீட்டர் இறங்க வேண்டும். இரண்டு ஆண்டு டேட்டாவில் இப்படிப்பட்ட நேரம் கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருக்கும். அதிலிருந்து மாடல் கற்காது. இங்கே விதி எழுதுவதே நல்லது: வானிலை மையத்தின் குழுமக் கணிப்பில் (ஒரே மாதிரியைச் சிறு மாற்றங்களோடு பல முறை ஓட்டியது) எத்தனை ஓட்டங்கள் 22 மீட்டரைத் தாண்டுகின்றன என்று எண்ணி, அந்த விகிதத்துக்கு ஏற்பக் கணிப்பைக் குறையுங்கள். எல்லா டர்பைனும் ஒரே விநாடியில் நிற்பதில்லை என்பதால் திடீரென்று பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள்.

14. புதுப் பண்ணை, ஒரு மாத டேட்டாகூட இல்லை. எப்படி ஆரம்பிப்பது?

தயாரிப்பாளரின் பவர் கர்வில் தொடங்குங்கள், ஆனால் கூர்மையாக அல்ல. பல டர்பைன்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு காற்றைப் பார்க்கின்றன. அதனால் பண்ணை முழுதுக்குமான வளைவு மழுங்கியே இருக்கும். வேகத்தைச் சுற்றி 1 முதல் 1.5 மீட்டர் திட்டவிலக்கமுள்ள பரவலை வைத்துச் சராசரி எடுத்தால் நெருங்கி வரும். நிழல் இழப்புக்கும் மின் இழப்புக்கும் வடிவமைப்பு அறிக்கையிலுள்ள சதவீதத்தைக் கழியுங்கள். ஒத்த நிலப்பரப்பிலுள்ள வேறு பண்ணையின் மாடல் இருந்தால் அதன் வெளியீட்டை ஓர் உள்ளீடாக்கி, மாதாமாதம் திருத்தலாம்.

15. எவ்வளவு நாளைக்கு ஒரு முறை மறுபயிற்சி?

மாதம் ஒரு முறை போதும். நாள்தோறும் செய்வதில் பெரிய லாபமில்லை. ஆனால் வானிலை மையம் தன் மாதிரியைப் புதுப்பிக்கும் தேதிகளைக் குறித்து வையுங்கள்: கட்டமோ, தரைப்பரப்பு இயற்பியலோ மாறினால் அதுவரை கற்ற கோணல்கள் எல்லாம் செல்லாமல் போகலாம். கடந்த 14 நாட்களின் சராசரிப் பிழையை (குறியோடு, தனிமதிப்பு அல்ல) தினமும் பாருங்கள். ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போனால் அதுதான் அறிகுறி.

16. ஏஐ வானிலை மாதிரிகள் வந்தாச்சே, இனி இதெல்லாம் தேவையா?

2023-இல் பாங்கு-வெதர், கிராஃப்காஸ்ட் இரண்டும் வெளியாயின. ஐரோப்பிய மையமே தன் ஏஐஎஃப்எஸ் மாதிரியை 2025-இல் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கூடுதல் உள்ளீடாக அவை அருமையானவை. 4-ஆம் கேள்வியில் சொன்ன 'இரண்டாவது மூலம்' என்ற இடத்துக்குப் பொருத்தம். ஆனால் 6 மணிக்கு ஒரு மதிப்பு என்ற இடைவெளியில் ஓடும் மாதிரியிலிருந்து மணிவாரி ஏற்ற இறக்கம் கிடைக்காது. சராசரிப் பிழையைக் குறைக்கப் பயின்றவை தூரம் போகப் போகக் காற்றை மழுக்கியும் தரும். உங்கள் இடத்தின் கோணலைத் திருத்தும் கடைசிப் படி அப்படியேதான் இருக்கிறது.

17. வானிலைக் கோப்பு ஒருநாள் வரவே இல்லை என்றால்?

வரும் அந்த நாள், பெரும்பாலும் விடுமுறையில். முந்தைய ஓட்டம் 6 மணி நேரம் பழையதுதான். அதன் கணிப்பு இந்த நேரத்துக்கும் நீள்கிறது. முதலில் அதை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் மற்ற வானிலை மூலம் ஒன்றை மட்டும் வைத்துப் பயிற்றிய தனி மாடல். அதுவும் இல்லையென்றால், தற்போதைய உற்பத்தியிலிருந்து தொடங்கி நேரம் போகப் போக அந்த மாதத்தின் நீண்டகாலச் சராசரிக்கு நகரும் எளிய கலவை. மூன்றையும் முன்பே எழுதிச் சோதித்து, எந்தப் படியிலிருந்து கணிப்பு போனது என்பதையும் பதிவில் குறிக்க வேண்டும். விடுபட்ட காற்று வேகத்தை மட்டும் பூஜ்யமென்று நிரப்பாதீர்கள். நாளை காற்றே வீசாது என்று மாடல் நம்பி, முழுப் பண்ணைக்கும் பூஜ்யம் அனுப்பிவிடும்.